விருந்தாளியின் பெருவிரலில் சுண்ணாம்பு

அண்டை நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் இரண்டு கால் பெருவிரல்களிலும் சுண்ணாம்பு தடவியவன் நான். இந்தியாவில் வேறு யாருக்காவது இந்தப் பெருமை உண்டா என்று தெரியவில்லை. தடவியதோடு நிற்காமல், அவர் வேண்டாம் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டும் விடாமல் சொம்பு சொம்பாக மோர் வேறு குடிக்க வைத்தேன். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை, வேலைக்குச் சேர்ந்தும் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. என் முட்டாள்தனத்துக்கு அந்த இரண்டும் காரணமில்லை என்பதைப் பிற்காலத்தில் என் மனைவி உறுதி செய்துவிட்டாள்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் கொந்தளித்துக்கொண்டிருந்த நேரம். நான் கள்ளக்குறிச்சியில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். சாலை மறியல் ஒரு வாரம் நடக்கும் என்று அறிவித்திருந்தார்கள். அதே வாரத்தில்தான் மாலத்தீவு நாடாளுமன்றத்திலிருந்து ஒரு நல்லெண்ணக் குழு எங்கள் பக்கம் வருவதாக எப்போதோ முடிவாகியிருந்தது. கல்வராயன் மலையில் மக்கள் எப்படி விவசாயம் செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம். அவர்கள் நாட்டில் மலையே கிடையாது. அங்கே ஒருவர் உயரமான இடத்துக்குப் போக வேண்டுமென்றால் தென்னை மரம்தான் ஏற வேண்டும் என்று அவர்களே சொல்லிச் சிரித்தார்கள்.

தேதியை மாற்ற முடியாது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். எங்கள் அதிகாரி ஒரு வழி கண்டுபிடித்தார். மறியல் தொடங்குவதற்கு முன்பே விருந்தாளிகளை வெள்ளிமலைக்கு ஏற்றிவிடுவது. கீழே எல்லாம் அடங்கிய பிறகு இறக்கிக்கொள்வது. மலையில் ஏது மறியல்? கூடவே இருந்து கவனித்துக்கொள்ள ஆங்கிலம் தெரிந்த ஆள் வேண்டும் என்றார். அலுவலகத்தில் எல்லோரும் மேசையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். நான் கையைத் தூக்கினேன்.

கை தூக்கியதோடு விட்டேனா, வரவேற்புத் தோரணமும் என் பொறுப்பு என்றேன். மணலூர்பேட்டையிலிருந்து தென்னங்குருத்து வரவழைத்து, குருவி மாதிரி மடித்து மடித்து நானே தோரணம் செய்து, ஜீப்பின் முகப்பில் வரிசையாகக் கட்டினேன். தென்னை ஓலையைக் கண்டதும் விருந்தாளிகளுக்கு வாயெல்லாம் பல். சொந்தக்காரரைப் பார்த்ததுபோலத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஆனால் ஜீப் வெள்ளிமலையில் போய் நின்றபோது, வரவேற்கக் காத்திருந்த மலைக்காரர்கள் மேளத்தை நிறுத்திவிட்டார்கள். ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் இரண்டடி பின்னால் போனார்கள். அதற்குக் காரணம் எனக்கு அப்போது விளங்கவில்லை. இவர்கள் கூச்ச சுபாவம் உள்ளவர்கள் என்று விருந்தாளிகளிடம் ஆங்கிலத்தில் விளக்கம் கொடுத்தேன்.

அன்று மாலையே அதிகாரி அவசரக் கூட்டம் என்று இன்னொரு வண்டியில் கீழே இறங்கிவிட்டார். மறுநாள் விடிந்தபோது மறியல் தொடங்கியிருந்தது. தொலைபேசி செத்துக் கிடந்தது. மலையில் இருந்த ஒரே டாக்டரும் ஏதோ வேலையாகக் கீழே போனவர் திரும்ப முடியவில்லை என்று செய்தி வந்தது. ஆக, ஓர் அண்டை நாட்டின் நாடாளுமன்றத்தில் ஒரு பகுதிக்கு நானும் ஜீப் டிரைவருமே பொறுப்பு.

டிரைவர் கள்ளக்குறிச்சிக்காரர், பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். விருந்தாளிகள் பேசும் மொழி அவருக்குத் தெரியாது, அவர் பேசுவது அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் சலாம் சொல்லி, விடியற்காலையில் அவர்களோடு சேர்ந்து தொழுதுவிட்டு வந்து, ‘நல்ல மனுஷங்க சார்’ என்று எனக்குச் சான்றிதழ் கொடுத்தார். ஆங்கிலம் தெரிந்த எனக்கு அதுவரை அவ்வளவு கூடத் தெரிந்திருக்கவில்லை.

அந்தக் குழுவில் மூத்தவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மெலிந்த உடம்பு, வெள்ளை தாடி, எப்போதும் ஒரு புன்னகை. காலையில் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முகத்தில் புன்னகை இல்லை. நாங்கள் தங்கியிருந்த ஓய்வு விடுதியின் பின்பக்கம் கூட்டிப்போய், அங்கிருந்த குழாயைத் திறந்து காட்டினார். தண்ணீர் வரவில்லை. குழாயைக் காட்டினார், தன்னைக் காட்டினார், கையை விரித்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. குளிக்கத் தண்ணீர் இல்லை என்கிறார். ஓடிப்போய் இரண்டு வாளித் தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்து, அட்டென்ஷனில் நின்றேன். அவர் வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கூச்சத்தை விட்டு அடிவயிற்றைத் தொட்டுக் காட்டி, தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். முந்தின நாள் ராத்திரியிலிருந்து சிறுநீர் போகவில்லை. முட்டிக்கொண்டு நிற்கிறது, ஒரு சொட்டு இறங்கவில்லை.

இது யாருக்கும் தெரியக்கூடாது, தன்னோடு வந்தவர்களுக்குக்கூட, என்று என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். அவர் நாட்டில் பெரிய மனிதர். வயிறு சரியில்லை என்று மட்டும் மற்றவர்களிடம் சொல்லிவைத்திருந்தார். என்னிடம் ஏன் சொன்னார் என்றால், என்னை வாழ்க்கையில் மறுபடி பார்க்க வேண்டியதில்லை அல்லவா.

நான் அவருக்கு வாக்குக் கொடுத்தேன். வைத்தியமும் கொடுத்தேன். நம் ஊரில் இதற்கு என்ன சொல்வோம்? சூடு. மலையேறி வந்த அலுப்பு, உடம்பு சூடாகிவிட்டது. சூட்டுக்குக் கால் பெருவிரலில் சுண்ணாம்பு, வயிற்றுக்கு நீர்மோர். வெற்றிலை போடும் காவலாளியிடம் சுண்ணாம்பு வாங்கினேன். பெரியவரைக் கட்டிலில் உட்காரவைத்து இரண்டு பெருவிரல் நகத்திலும் பட்டையாகத் தடவினேன். அவர் அதைத் தீவிரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ புராதன இந்திய மருத்துவம் என்று மரியாதையோடு பொறுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். பிறகு மோர். குடிங்க, குடித்தால்தானே இறங்கும் என்று என் வாதம். அடைத்த குழாய்க்கு மேலே தொட்டியை நிரப்பிக்கொண்டிருக்கிறோம் என்று எனக்கு உறைக்கவில்லை.

பத்து மணிக்கு மேல் அவரால் உட்கார முடியவில்லை. நிற்கவும் முடியவில்லை. கூன் போட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. அடிவயிறு உடுக்கை மாதிரி விறைத்து மேலே எழும்பியிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தபோதுதான் எனக்குள் முதல் முறையாகப் பயம் இறங்கியது. இது சூடு இல்லை. இந்த மனிதர் என் கண் முன்னால் செத்துப்போகலாம். அவர் நாட்டில் அவருக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் இருப்பார்கள். நல்லெண்ணப் பயணம் போனவர் எங்கே என்று கேட்பார்கள். கடைசியில் அவரை என்ன செய்தாய் என்று கேட்டால், சுண்ணாம்பு தடவினேன் என்று எந்த மொழியில் சொல்வது?

பாயிடம் ஓடினேன். வாக்குக் கொடுத்திருந்ததால் காரணம் சொல்லவில்லை, உடனே கீழே போக வேண்டும் என்று மட்டும் சொன்னேன். பாய் வாயிலிருந்த பீடியை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“சார், கீழ மரத்த வெட்டிப் போட்டுக்கினு கீறாங்க. கவருமெண்டு ஜீப்பு போனா பூ போடுவாங்கன்னு பாத்தியா?”

பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். பாய் அவர் முகத்தை ஒரு நொடி பார்த்தார். பீடியைக் காலில் போட்டுத் தேய்த்துவிட்டு ஜீப்பில் ஏறிச் சாவியைத் திருகினார்.

மற்ற விருந்தாளிகளிடம் வயிற்றுக்கு டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று சொல்லி, அவர்களைக் காவலாளியின் பொறுப்பில் விட்டேன். பின்பக்கம் ஒரு கோரைப்பாயை விரித்துப் பெரியவரைப் படுக்க வைத்தோம். உட்கார்ந்தால் வலி தாங்கவில்லை. கால்சட்டையைத் தளர்த்தி விட்டுக்கொள்ள வேண்டியிருந்ததால் விடுதியின் வெள்ளைப் போர்வையைப் போர்த்திக்கொண்டார். ஜீப் சின்னது, அவர் உயரமானவர். இரண்டு பாதங்களும் பின்னால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

அந்த மலைப்பாதையை நான் எத்தனையோ தடவை சபித்திருக்கிறேன், ஆனால் அன்றைக்குச் சபித்ததுபோல என்றும் சபித்ததில்லை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும், ஒவ்வொரு கல்லிலும் அவர் என் மணிக்கட்டை இறுக்கினார். கத்தவே இல்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும். ஏதோ ஓதிக்கொண்டே வந்தார். முன்னாலிருந்து பாயும் அதையே முணுமுணுத்தபடி ஓட்டினார். எனக்குத் தெரிந்த சாமி பெயர்களையெல்லாம் நான் சொல்லி முடித்துவிட்டேன், மலை முடியவில்லை.

ஒருவழியாகச் சமவெளிக்கு இறங்கி, கச்சிராயபாளையத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். சாலைக்குக் குறுக்கே கிளைகளோடு ஒரு பெரிய புளியமரம் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் நூறு பேராவது நின்றார்கள். கம்பு, அரிவாள், கோடாலி. ஜீப்பைக் கண்டதும் கூச்சல் கிளம்பியது. பெரியவர் கூட்டத்தின் சத்தம் கேட்டு, வெட்கத்தில் போர்வையை இழுத்து முகத்தையும் மூடிக்கொண்டார்.

பக்கத்தில் வந்த கூட்டம் சட்டென்று அடங்கியது. தலைப்பாகைகள் இறங்கின. பீடிகள் அணைந்தன. ஒருவர் பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, மெதுவான குரலில் என்னிடம் கேட்டார்.

“எந்த ஊருங்க? எப்ப போச்சி?”

காலையில் கிளம்பியதைக் கேட்கிறார் என்று நினைத்து, வெள்ளிமலையிலிருந்து, கொஞ்ச நேரம் முன்னால்தான் என்றேன். அவர் உச்சுக்கொட்டினார். அதற்குள் பத்துப் பதினைந்து பேர் மரத்தின் நுனிப்பக்கத்தைத் தூக்கிப் புரட்டி ஜீப் போக வழி விட்டார்கள். எவ்வளவு நல்ல மனிதர்கள் என்று நான் உருகிக்கொண்டிருந்தேன். வயதான ஒருவர், முகத்தையாவது பார்த்துக்கொள்கிறேன் என்று போர்வையின் முனையை விலக்கினார்.

உள்ளே படுத்திருந்தவர் அரசியல்வாதி. கண்ணைத் திறந்ததும் எதிரே நூறு முகங்கள். வலியிலும் பழக்கம் விடுமா? லேசாக எழுந்து, நெற்றிக்குக் கையை உயர்த்தி எல்லோருக்கும் ஒரு சலாம் வைத்தார்.

போர்வையை விலக்கிய கிழவர் அலறியபடி பின்னால் விழுந்தார். பிறகு யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் என் சட்டைக் காலர் ஒரு கையில் இருந்தது. ஜீப் சாவி இன்னொரு கையில்.

“சாவுக்குன்னு வழி வுட்டா, சாவ வெச்சே ஏமாத்திக்கினு போறீங்களாடா?”

எனக்கு உண்மையாகவே எதுவும் புரியவில்லை. நான் எப்போது சாவு என்று சொன்னேன்? ஒருவன் கம்பால் ஜீப்பின் முகப்பைத் தட்டிக் காட்டினான். என் தோரணம். குருத்தோலைக் குருவி தலையை மேலே தூக்கியிருந்தால் கல்யாணம், தலை கீழே தொங்கினால் சாவு. நம் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். நான் கட்டியிருந்த குருவி ஒவ்வொன்றும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. போதாததற்கு வெள்ளைப் போர்வை, வெளியே நீட்டிய பாதம், பெருவிரலில், பிணத்தின் காலைக் கட்டுகிற துணிபோல வெள்ளைவெளேரென்று சுண்ணாம்பு. மேளம் ஏன் நின்றது என்று வெள்ளிமலையில் புரியாதது, கச்சிராயபாளையத்தில் காலரோடு சேர்ந்து புரிந்தது.

கூட்டத்தின் கோபத்தில் நியாயம் இருந்தது. அந்த ஒரு வாரமும் அவர்கள் சாவுக்கும் பிரசவத்துக்கும் மட்டும் வழி விட்டுக்கொண்டிருந்தார்களாம். அந்த இரக்கத்தையே வேஷம் கட்டி ஏமாற்றினால் யாருக்குத்தான் பொறுக்கும்? கம்புகள் மேலே போயின. பாய் இரண்டு கையையும் தூக்கியபடி எனக்கு முன்னால் வந்து நின்றார். நான் எதைச் சொல்வது? உண்மையைச் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். வாழ்க்கையில் நான் காப்பாற்றிய ஒரே வாக்கு அதுவாகத்தான் இருக்கும், அதுவும் இன்னும் ஒரு நிமிஷத்துக்குத்தான்.

கூட்டத்துக்குத் தலைவர்போல இருந்தவர் தலையில் துண்டு கட்டியிருந்தார். நாற்பது வயதிருக்கும், கரும்பு வெட்டிக் காய்த்துப்போன கைகள். அவர் என்னை விட்டுவிட்டு ஜீப்பின் பின்பக்கம் போனார். பெரியவர் அதற்குள் கீழே இறங்கியிருந்தார். போர்வையை இடுப்பில் சுற்றிக்கொண்டு, கூன் போட்டு, ஒரு கையால் ஜீப்பையும் மறு கையால் அடிவயிற்றையும் பிடித்தபடி நின்றார். என்னை விட்டுவிடச் சொல்லித் தன் மொழியில் ஏதோ சொன்னார். துண்டுக்காரர் அவர் நிற்கிற விதத்தை ஏற இறங்கப் பார்த்தார். என் பக்கம் திரும்பினார்.

“மூத்திரம் அடைச்சிக்கினுதா?”

நான் தலையாட்டினேன்.

“எப்பலேர்ந்து?”

“நேத்து ராத்திரிலேர்ந்துங்க.”

“தண்ணி கிண்ணி குடுத்தியா?”

“மோருங்க.”

அவர் என்னைப் பார்த்த பார்வையைவிட அந்தக் கம்படி எவ்வளவோ மேல். “எங்கப்பாவும் இப்பிடித்தான் நின்னாரு” என்றார் பொதுவாக. கூட்டம் சத்தம் போடுவதை நிறுத்தியது. யார் இவர் என்று கேட்டார். கடலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து நாடு, அங்கே எம்.பி., நம்மைப் பார்க்க வந்தவர் என்றேன். என் கழுத்துக் காலர் விடுபட்டது. சாவி பாயின் கைக்கு வந்தது. துண்டுக்காரர் முதல் வேலையாகத் தோரணத்தைப் பிய்த்து வாய்க்காலில் வீசினார். உயிரோடு இருப்பவரை இதைக் கட்டிக்கொண்டு இட்டுப்போகக் கூடாது என்றார். பிறகு தன் தலைத்துண்டை அவிழ்த்து ஜீப் கண்ணாடியில் கட்டிவிட்டு, படியில் ஏறி நின்றார். தனியாகப் போனால் அடுத்த இடத்தில் கொளுத்திவிடுவார்கள் என்றார், சாதாரணமாக, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல.

ஜீப் நகர்ந்த பிறகு பாயிடம் கேட்டேன், தோரணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று. “உங்க வழக்கம், நான் இன்னாத்துக்கு வாயத் தொறக்கணும்னு இருந்துட்டேன் சார்” என்றார்.

வழியில் எத்தனை மரங்கள் கிடந்தன என்று நான் எண்ணவில்லை. ஒவ்வொரு இடத்திலும் அவர் முதலில் குதித்து ஓடிப் பேசினார். சில இடத்தில் திட்டு வாங்கினார். மறியல் செய்பவனே வண்டியில் ஏறிக்கொண்டு வந்தால் மறியல் எதற்கு என்று ஒரு கிழவர் அவர் மார்பில் கைவைத்துத் தள்ளினார். நம் சண்டை அரசாங்கத்தோடுதான், விருந்தாளியோடு இல்லை என்று அவரும் விடாமல் மல்லுக்கட்டினார். பின்னால் பெரியவரின் பிடி தளர்ந்துகொண்டே வந்தது. உதடு வெளுத்துவிட்டது. பேச்சுவார்த்தை நீள நீள, நான் அவர் மூக்கருகே விரலை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கள்ளக்குறிச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் ஆலமரமே கிடந்தது. புரட்டவும் முடியாது, சுற்றவும் முடியாது. ஓரத்து நெல் வயலுக்குச் சொந்தக்காரரே வரப்பை வெட்டி ஜீப்புக்கு வழி விட்டார். வயலில் குலுங்கினால் பெரியவர் தாங்க மாட்டார் என்று அவரைக் கோரைப்பாயோடு தூக்கிக்கொண்டார்கள். மரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வரிசை, மரத்தின் மேல் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை. சற்று முன்பு கல்லும் கம்புமாக நின்ற கைகள், தூங்குகிற குழந்தையை மாற்றுவதுபோல அவரைக் கைமாற்றிக்கொண்டன. நானும் உதவுகிறேன் என்று போனேன். தள்ளி நில்லு என்று சொல்லிவிட்டார்கள். என் மோர் வைத்தியச் செய்தி அங்கேயும் பரவியிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இருந்தார். அந்த நிம்மதியைச் சொல்ல எனக்குத் தமிழ் போதாது. குழாய் போட்டார்கள். அறைக்கு வெளியே நானும் பாயும் துண்டுக்காரரும் சுவரில் சாய்ந்து, யாரும் யாரையும் பார்க்காமல் நின்றோம். உள்ளே ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது. எந்த மொழியிலும் அதற்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. பாய் மேலே பார்த்துக் கையேந்தினார். டாக்டர் வெளியே வந்து, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சிறுநீரகம் கெட்டிருக்கும் என்றார். அப்புறம், காலில் அது என்ன, யார் செய்தது என்று கேட்டார். நான் சுவரில் ஒட்டியிருந்த குடும்பக்கட்டுப்பாட்டு விளம்பரத்தை மிகக் கவனமாகப் படித்தேன்.

சாயங்காலம் பெரியவருக்குப் புன்னகை திரும்பிவிட்டது. துண்டுக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு நாட்டு மக்களின் நட்புறவு குறித்துத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒரு சின்னச் சொற்பொழிவே ஆற்றினார். நான் மொழிபெயர்த்தேன். துண்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவங்க நாட்டில் சாலை மறியல் உண்டா என்று மட்டும் விசாரிக்கச் சொன்னார். எங்கள் தீவுகளில் மறிக்கும் அளவுக்கு நீளமான சாலை கிடையாது என்றார் பெரியவர். துண்டுக்காரர் அதை நினைத்து நினைத்துச் சிரித்தார். பிறகு எதற்காக மறிக்கிறீர்கள் என்று பெரியவர் கேட்டார். படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் தன் மகனைப் பற்றித் துண்டுக்காரர் சொன்னார். அதை மட்டும் நான் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். பெரியவர் வெகுநேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை எத்தனையோ குழுக்களைப் பார்த்துவிட்டேன். அண்டை நாட்டு எம்.பி.க்கள் வந்தார்கள், கைகுலுக்கினார்கள், உறவு வலுப்பட்டது என்று பத்திரிகையில் படம் வந்தால் இன்றும் எடுத்து உற்றுப் பார்ப்பேன். விழுந்து கிடந்த ஓர் ஆலமரத்தின் மேல் ஒரு மனிதரைக் கைமாற்றிய அத்தனை கைகளும் எனக்கு அந்தப் படத்துக்குள் தெரியும்.

அன்று ஆஸ்பத்திரி வாசலில் துண்டுக்காரர் விடைபெற்றுக் கிளம்பினார். எனக்கு மனசு கேட்கவில்லை. இருட்டப் போகிறது, கச்சிராயபாளையம் வரைக்கும் நடக்க வேண்டுமே, ஏறுங்கள், பாய் கொண்டுபோய் விட்டுவிடுவார் என்று ஜீப்பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கண்ணாடியில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறித் தலையில் கட்டிக்கொண்டே சொன்னார்.

“மறியல் பண்றவன் ஜீப்புலயா போவான்?”